களிமண் சொன்ன கணக்கு!

சுட்டிகளே, செங்கல் சூளை பார்த்திருக்கிறீர்களா? சூளைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கும். செங்கல் அறுக்க அங்கிருந்துதான் களிமண் வெட்டி எடுப்பார்கள். மண்வெட்டி இறங்கிய இடத்தில் பள்ளத்தின் சுவர் செங்குத்தாக, வழவழவென்று தெரியும்.

நாம் எட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? மண் தெரியும். அவ்வளவுதான்! ஆனால் சுவீடன் நாட்டில் ஓர் இளைஞர் இதே போன்ற களிமண் சுவரைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது ஒரு நாட்குறிப்பாகத் தெரிந்தது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, மனிதர்கள் யாரும் எழுதாத நாட்குறிப்பு! எழுதியது யார் தெரியுமா? உருகி ஓடிய பனி!

அந்த நாட்குறிப்பை எப்படிப் படித்தார்கள், அதில் எங்கே தப்பு செய்தார்கள், தப்பை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இந்தக் கதை. வாருங்கள், சுவீடனுக்குப் போவோம்.

பனிப் போர்வை

இன்றைக்குச் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு பூமி இப்போது இருப்பதைவிட மிகவும் குளிராக இருந்தது. சுவீடன், நார்வே, பின்லாந்து ஆகிய நாடுகள் முழுவதும் பனிக்கட்டிக்குள் புதைந்து கிடந்தன. வட ஜெர்மனி, போலந்து வரைக்கும் அந்தப் பனி வந்திருந்தது. அதன் தடிமன் அதிகபட்சமாகச் சுமார் மூன்று கிலோமீட்டர்! அமெரிக்கக் கண்டத்தில் கனடாவும், அமெரிக்காவின் வட பகுதியும் இதேபோல இன்னொரு பனிப்பாளத்துக்கு அடியில் இருந்தன. கடல் தண்ணீரில் ஒரு பங்கு பனியாக நிலத்தின் மேல் உறைந்துவிட்டதால், கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது.

பிறகு பூமி மெல்ல மெல்லச் சூடானது. பனிப்பாளத்தின் விளிம்பு உருகி உருகிப் பின்வாங்கியது. கடைசியில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்த அந்தப் பாளங்கள் காணாமலே போய்விட்டன.

பனி இருந்தது என்பதற்குச் சாட்சிகள் ஏராளம். பனி நகரும்போது கல்லையும் மண்ணையும் இழுத்துக்கொண்டு வரும். உருகும்போது அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடும். அப்படிக் குவிந்த மண்மேடுகள், சமவெளியின் நடுவில் தனியாகக் கிடக்கும் யானை அளவு பாறைகள், பாறைகளின் மேல் நீளநீளமான கீறல்கள்... இவற்றையெல்லாம் பார்த்துத்தான் 1837-ம் ஆண்டு சுவிட்சர்லாந்து விஞ்ஞானி லூயி அகாசி, ‘முன்பு ஒரு பனியுகம் இருந்தது’ என்று அறிவித்தார்.

ஆனால் ‘எப்போது?’ என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. மண்மேட்டில் தேதி எழுதியிருக்குமா என்ன? 1840-களில் சார்லஸ் லயெல் என்ற பெரிய நிலவியல் அறிஞர் நயாகரா அருவியை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த அருவி பாறையை அரித்து அரித்துப் பின்னால் நகர்ந்துகொண்டே போகிறது. அதன் பள்ளத்தாக்கு உருவாக 35,000 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்றார். உண்மையில் அதற்கு ஆனது சுமார் 12,000 ஆண்டுகள்தான். அவ்வளவு பெரிய அறிஞரின் கணக்கே கிட்டத்தட்ட மூன்று மடங்கு பிசகிவிட்டது!

ஒரு ஜோடி, ஓர் ஆண்டு

நம் கதாநாயகரின் பெயர் ஜெரார்டு டி கீர். 1858-ல் பிறந்தவர். அவருடைய அப்பா சுவீடனின் முதல் பிரதமர். மகனுக்கோ கல், மண் மேல்தான் ஆசை! 1878-ல் ஸ்டாக்ஹோம் பகுதியில் களிமண் சுவரில் வரிவரியாகக் கோடுகள் இருப்பதைக் கவனித்தார். ஒரு வெளிர் கோடு, அதன் மேல் ஒரு கருங்கோடு. மறுபடி வெளிர், மறுபடி கருப்பு. பார்த்தவுடன் அவருக்கு மரத்தை வெட்டினால் தெரியும் வளையங்கள் ஞாபகத்துக்கு வந்தன. மரத்தில் ஆண்டுக்கு ஒரு வளையம் வரும் அல்லவா? இதுவும் ஆண்டுக்கு ஒரு ஜோடியாக இருக்குமோ?

ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று நாமும் யோசித்துப் பார்ப்போம்.

பனிப்பாளத்தின் விளிம்புக்கு முன்னால் ஏரியோ கடலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்காலம் வருகிறது. பனி உருகுகிறது. கலங்கிய தண்ணீர் மணலையும் வண்டலையும் அடித்துக்கொண்டு ஏரிக்குள் பாய்கிறது. நம் ஊரில் மழை பெய்ததும் வாய்க்காலில் செந்நிறமாகத் தண்ணீர் ஓடுமே, அதுபோல! மணலும் பெரிய துகள்களும் கனமானவை. அவை சீக்கிரம் அடியில் இறங்கிவிடும். அதுதான் வெளிர் கோடு.

மாவு போன்ற மிக நுண்ணிய களிமண் துகள்கள் மட்டும் இறங்காது. தண்ணீர் அசைந்துகொண்டே இருக்கும்வரை அவை மிதந்துகொண்டே இருக்கும். குளிர்காலம் வருகிறது. உருகுவது நின்றுவிடுகிறது. ஏரியின் மேற்பரப்பே உறைந்து மூடி போட்டதுபோல ஆகிவிடுகிறது. உள்ளே அலை இல்லை, ஓட்டம் இல்லை, அப்படி ஓர் அமைதி! இப்போதுதான் அந்த நுண்துகள்கள் நிதானமாக இறங்கி அடியில் படிகின்றன. அதுதான் கருங்கோடு.

ஆக, ஒரு வெளிரும் ஒரு கருப்பும் சேர்ந்தால் ஒரு கோடை, ஒரு குளிர்காலம். அதாவது ஓர் ஆண்டு! இந்த ஜோடிக்கு டி கீர் வைத்த பெயர் ‘வார்வ்’. சுவீடிஷ் மொழியில் ‘ஒரு சுற்று’ என்று அர்த்தம்.

‘ஏரி அடியில் படிந்த களிமண், தரையில் வெட்டிய பள்ளத்துக்கு எப்படி வந்தது?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! மூன்று கிலோமீட்டர் பனி உட்கார்ந்தால் நிலம் கனம் தாங்காமல் அமுங்கும். பஞ்சு மெத்தையில் தாத்தா உட்கார்ந்தால் அமுங்குவதுபோல! பனி போனதும் நிலம் மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது. கடலடியில் இருந்த களிமண்ணும் கூடவே மேலே வந்துவிட்டது. இந்த எழும்பல் இன்னும் முடியவில்லை! சுவீடனின் ‘உயர் கடற்கரை’ என்ற பகுதி இன்றும் ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது. முன்னொரு காலத்தில் அலை மோதிய கரையின் தடம் அங்கே இன்று கடல் மட்டத்திலிருந்து சுமார் 285 மீட்டர் உயரத்தில் இருக்கிறது!

முதல் பக்கம் எங்கே?

ஒரு பள்ளத்தில் 300 ஜோடிகள் இருக்கின்றன என்றால், அந்த இடத்தில் 300 ஆண்டுகள் களிமண் படிந்தது என்று தெரியும். ஆனால் பனி பின்வாங்கிய வேகம் எப்படித் தெரியும்? இங்கேதான் டி கீரின் மூளை வேலை செய்தது.

பனி மேலே உட்கார்ந்திருக்கும்வரை ஓர் இடத்தில் இந்தக் கோடுகள் படிய முடியாது. பனி விலகி, தண்ணீர் வந்த பிறகுதான் முதல் கோடு விழும். அப்படியானால் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கோடு எதைக் காட்டுகிறது? பனி அந்த இடத்தை விட்டுப் போன ஆண்டை!

தெற்கே இருக்கும் இடத்தில் பனி முதலில் விலகும். அங்கே நாட்குறிப்பு முதலில் தொடங்கும். வடக்கே போகப் போக நாட்குறிப்பின் முதல் பக்கம் தாமதமாகத் தொடங்கும். இரண்டு நாட்குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்தால், எத்தனை ஆண்டு தாமதம் என்று தெரிந்துவிடும்.

எப்படிப் பொருத்துவது? கோடுகளின் தடிமனை வைத்துத்தான்! வெயில் அதிகமான கோடையில் பனி நிறைய உருகும், மண்ணும் நிறைய வரும், கோடு தடிமனாகும். குளிர்ந்த கோடையில் கோடு மெல்லிசாகும். தடிமன், மெல்லிசு, மெல்லிசு, ரொம்பத் தடிமன், மெல்லிசு... இப்படி ஒரு வரிசை பக்கத்துப் பள்ளத்திலும் அப்படியே இருந்தால், இரண்டும் ஒரே ஆண்டுகளில் படிந்தவை. கடையில் வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டில் கருப்புக் கோடுகள் இருக்குமே, அதுபோல ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு கோட்டு வரிசை!

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாமா? எண்கள் நாமாக வைத்துக்கொண்டவை. ‘அ’ என்ற பள்ளம் தெற்கே இருக்கிறது. ‘ஆ’ என்ற பள்ளம் அதற்கு ஒரு கிலோமீட்டர் வடக்கே. ‘ஆ’வின் அடிக்கோடு, ‘அ’வில் கீழிருந்து ஐந்தாவது கோட்டோடு பொருந்துகிறது. அப்படியானால் பனி ‘அ’வை விட்டுப் போய் நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் ‘ஆ’வை விட்டுப் போயிருக்கிறது. நான்கு ஆண்டுகளில் ஒரு கிலோமீட்டர். ஓர் ஆண்டுக்கு? சபாஷ், 250 மீட்டர்!

காகிதச் சுருளுடன் மாணவர் படை

யோசனை பிறந்தது 1878-ல். பெரிய அளவில் வேலை தொடங்கியது 1905-ம் ஆண்டு கோடையில். இடையில் 27 ஆண்டுகள்! ஒருவர் மட்டும் செய்கிற வேலையா இது? ஸ்டாக்ஹோம், உப்சாலா பல்கலைக்கழக மாணவர்களை டி கீர் கூட்டிக்கொண்டார். செங்கலுக்காகக் களிமண் வெட்டிய குழிகள் அவர்களுக்குப் பெரிய உதவியாக இருந்தன.

அவர்களிடம் இருந்த கருவிகள் என்ன தெரியுமா? மண்ணைச் சுரண்டிச் சுத்தமாக்க ஒரு கத்தி, நீளமான காகிதப் பட்டை, ஒரு பென்சில்! சுவரைச் சுத்தமாகச் சீவி, காகிதத்தை மேலிருந்து கீழே ஒட்டிப் பிடித்து, ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துக்கொண்டார்கள். அடுத்த பள்ளத்தில் இன்னொரு காகிதம். பிறகு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலும் கீழும் நகர்த்திப் பொருத்தினார்கள். இப்படியே பள்ளம் பள்ளமாகத் தாண்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்கள் வடக்கு நோக்கிப் போனார்கள். பனி போன பாதையிலேயே அதைத் துரத்திக்கொண்டு போனார்கள் என்று சொல்லலாம்.

1910-ல் ஸ்டாக்ஹோமில் உலக நிலவியல் மாநாடு நடந்தது. அங்கே டி கீர் தன் முடிவை அறிவித்தார். ‘கடந்த 12,000 ஆண்டுகளின் காலக்கணக்கு’ என்பதுதான் அவர் பேச்சின் தலைப்பு. ஏதோ இவ்வளவு ஆயிரம் இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொல்லாமல், ஆண்டு ஆண்டாக எண்ணிச் சொன்ன கணக்கு! பனியின் விளிம்பு சில இடங்களில் மெதுவாகவும், சில இடங்களில் ஆண்டுக்குச் சில நூறு மீட்டர் வேகத்திலும் பின்வாங்கியது என்று தெரிந்தது.

ஒரே இரவில் காணாமல் போன ஏரி

கணக்கில் ஒரு சிக்கல் இருந்தது. பனிக்கால நாட்குறிப்பு தொடங்குவதும் முடிவதும் பழங்காலத்தில். அதை இன்றைய ஆண்டோடு இணைத்தால்தானே ‘இன்றைக்கு இத்தனை ஆண்டுகளுக்கு முன்பு’ என்று சொல்ல முடியும்? பழைய காலண்டர் கட்டு கிடைத்துவிட்டது, ஆனால் அது எந்த ஆண்டுக் காலண்டர் என்று போடவில்லை. அப்படி ஒரு நிலைமை!

இதற்குக் கைகொடுத்தது ஒரு விபத்து. சுவீடனின் நடுப்பகுதியில் ராகுண்டா என்று ஒரு பெரிய ஏரி இருந்தது. நீளம் சுமார் 25 கிலோமீட்டர். ஏரித் தண்ணீர் ஒரு ராட்சத அருவியாகக் கீழே விழும். ஆற்றில் மிதக்கவிடும் மரங்கள் அந்த அருவியில் விழுந்து உடைந்து போயின. அருவியைச் சுற்றிப் போக ஒரு கால்வாய் வெட்டலாம் என்று மாக்னஸ் ஹஸ் என்பவர் தலைமையில் வேலை நடந்தது. வெட்டிய இடமோ பனியுகம் விட்டுப்போன மணல்மேடு! 1796-ம் ஆண்டு ஜூன் மாதம், வெள்ளம் வந்த ஓர் இரவில் மணல் கரைந்து உடைப்பு எடுத்தது. நான்கே மணி நேரத்தில் ஏரி முழுவதும் வடிந்துவிட்டது! அருவியும் வறண்டு போனது. இன்றும் அந்த இடத்தின் பெயர் ‘இறந்த அருவி’.

ஏரி போனது. ஆனால் அதன் அடியில் இருந்த களிமண் வெளியே தெரிந்தது. பனி விலகியது முதல் 1796 வரை படிந்த மண்! மேல் கோட்டின் ஆண்டு நமக்குத் தெரியும், அல்லவா? டி கீர் அங்கே போய் எண்ணினார். ஆனால் மேல் பகுதியில் கோடுகள் தெளிவாக இல்லை. கொஞ்சத்தை மதிப்பிட வேண்டியதாயிற்று.

அவருடைய மாணவர் ராக்னர் லிடென் இன்னொரு வழி கண்டார். வடக்கே ஓங்கர்மான் என்ற ஆறு, ஒவ்வொரு வசந்தகால வெள்ளத்திலும் தன் முகத்துவாரத்தில் ஒரு மண் அடுக்கைப் படிய வைக்கிறது. இன்றும் வைக்கிறது. நிலம் எழும்புவதால் பழைய அடுக்குகள் ஆற்றங்கரையிலேயே வெளியே தெரிகின்றன. அவற்றைப் பல ஆண்டுகள் பொறுமையாக எண்ணி, 1938-ல் முழுக்கணக்கை வெளியிட்டார். ஆனால் கடைசிச் சில நூறு ஆண்டுகளின் அடுக்குகள் தண்ணீருக்கு அடியில் இருந்ததால், அந்தப் பகுதியை மட்டும் நிலம் உயரும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டார்.

1980-களில் இங்கெமார் காட்டோ என்ற விஞ்ஞானி, ஆற்றின் இன்றைய முகத்துவாரத்தில் குழாய் இறக்கி அடிமண்ணை எடுத்தார். விடுபட்ட பகுதியை ஒவ்வொரு கோடாக எண்ணினார். லிடெனின் கணக்கில் 365 ஆண்டுகள் குறைந்தன! ஓர் ஆண்டின் நாட்களும் 365 என்பது தற்செயல்தான்! எண்ணிய இடம் சரியாக இருந்தது. எண்ணாமல் மதிப்பிட்ட இடத்தில்தான் பிசகு ஏற்பட்டிருந்தது.

குரு ஒரு பக்கம், சீடர் ஒரு பக்கம்

1920-ல் டி கீர் அமெரிக்காவுக்குப் போனார். லிடெனும், எர்ன்ஸ்ட் ஆன்டெவ்ஸ் என்ற இன்னொரு மாணவரும் உடன் போனார்கள். அங்கே கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் முன்பு ‘ஹிட்ச்காக்’ என்ற நீளமான பனிக்கால ஏரி இருந்தது. அதன் களிமண்ணிலும் அதே வெளிர், கருப்புக் கோடுகள்!

டி கீருக்கு ஒரே உற்சாகம். சூரியன் ஒன்றுதானே, அதனால் அமெரிக்கக் கோடுகளும் சுவீடன் கோடுகளும் பொருந்த வேண்டும் என்று நினைத்தார். கடல் தாண்டிப் பொருத்தத் தொடங்கினார். இமயமலை, தென் அமெரிக்கா என்று எங்கிருந்து கோடுகள் வந்தாலும் சுவீடனோடு பொருத்திப் பார்த்தார்.

ஆன்டெவ்ஸ் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். பள்ளம் பள்ளமாக அளந்து, 1922-ல் தன் முதல் பெரிய நூலை வெளியிட்டார். ஆனால் குருவின் கடல் தாண்டிய பொருத்தத்தை அவர் ஏற்கவில்லை. சென்னையில் வெயில் கொளுத்தும் நாளில் ஊட்டியில் மழை பெய்வதில்லையா? பக்கத்துப் பக்கத்து ஊர்களின் கோடைக்காலம் ஒத்துப்போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு இடங்களின் கோடைக்காலம் ஆண்டுதோறும் ஒத்துப்போகும் என்று எப்படிச் சொல்வது? நீளமான வரிசைகளை நகர்த்திக்கொண்டே இருந்தால் எங்கேயாவது ஓர் இடத்தில் பொருந்துவதுபோலத் தோன்றத்தான் செய்யும்!

யார் சொன்னது சரி? தீர்ப்புச் சொல்ல இன்னொரு கடிகாரம் வந்தது. 1949-ல் அமெரிக்க விஞ்ஞானி வில்லார்டு லிப்பியும் அவரது குழுவினரும் ‘கார்பன்-14’ முறையை அறிவித்தார்கள். உயிருள்ள செடி காற்றிலிருந்து கார்பன்-14-ஐச் சேர்த்துக்கொள்ளும். செத்த பிறகு அது சிறிது சிறிதாகச் சிதைந்து குறையும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் வயது தெரியும். இதற்காக லிப்பிக்கு 1960-ல் நோபல் பரிசு கிடைத்தது. களிமண் கோடுகளுக்கு நடுவே சிக்கிய இலைகள், குச்சிகளின் வயதை இந்த முறையில் பார்த்தார்கள். கடல் தாண்டிய பொருத்தம் தவறு என்று தெரிந்தது. சீடர் சொன்னதுதான் சரி!

அதற்காக டி கீரைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். அவர் கண்டுபிடித்த முறை தப்பவில்லை. அதை அளவுக்கு மீறி நீட்டியதுதான் தப்பு. அவர் வழியிலேயே, ஆன்டெவ்ஸின் அளவுகளைச் சரிபார்த்து, புதிய இடங்களில் துளையிட்டு, ஜாக் ரிட்ஜ் என்ற பேராசிரியரும் அவரது குழுவினரும் 2012-ல் ஒரு முழு வரிசையை வெளியிட்டார்கள். அதில் இருப்பவை மொத்தம் 5,659 ஆண்டுகள், ஒன்றுகூட விடாமல்! இன்றைக்குச் சுமார் 18,200 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி, 12,500 ஆண்டுகளுக்கு முன்பு வரை, அமெரிக்கப் பனி எப்படிப் பின்வாங்கியது என்பதை அது சொல்கிறது.

பாறைக்கும் வயது உண்டு!

ஏரி இல்லாத இடத்தில் என்ன செய்வது? பனி போட்டுவிட்டுப் போன பாறைகளைக் கேட்க வேண்டியதுதான்! விண்வெளியிலிருந்து நுண்கதிர்கள் எப்போதும் பூமியின் மேல் விழுந்துகொண்டே இருக்கின்றன. பாறை வெளியே தெரியும் நாள் முதல், அந்தக் கதிர்கள் பட்டுப் பட்டுப் பாறைக்குள் ‘பெரிலியம்-10’ என்ற பொருள் மிக மிகச் சிறிய அளவில் சேர்கிறது. பனிக்குள் புதைந்திருக்கும்போது கதிர்கள் எட்டாது. வெயிலில் நின்றால் தோல் கருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்தால், பனி விலகி எத்தனை ஆயிரம் ஆண்டுகள் ஆயின என்று தெரியும். ஆனால் இந்த முறையில் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் முன்பின்னாக இருக்கலாம். ஒவ்வோர் ஆண்டாக எண்ணுவதற்குக் களிமண்தான் கில்லாடி!

இதெல்லாம் எதற்கு?

‘என்றைக்கோ உருகிப்போன பனி. அது எப்போது உருகினால் எனக்கென்ன?’ என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது!

இன்று பூமியில் மிச்சம் இருப்பவை இரண்டே இரண்டு பனிப்பாளங்கள்தான். ஒன்று கிரீன்லாந்து, இன்னொன்று அண்டார்டிகா. இரண்டுமே பனியை இழந்துகொண்டிருக்கின்றன. கிரீன்லாந்துப் பனி மட்டும் முழுவதும் உருகினால் கடல் மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். அது ஒரே நாளில் நடக்காது. ஆனால் எவ்வளவு வேகமாக நடக்கலாம்? செயற்கைக்கோள்கள் பனியைக் கண்காணிக்கத் தொடங்கிச் சில பத்தாண்டுகள்தான் ஆகின்றன. ஒரு பனிப்பாளம் தொடக்கம் முதல் முடிவு வரை உருகியதை எந்தக் கருவியும் பார்த்ததில்லை. களிமண்தான் பார்த்திருக்கிறது!

2023-ல் வெளியான ஓர் ஆய்வு எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. நார்வேக்கு அருகே கடலடியை ஒலி அலைகளால் படம் பிடித்த விஞ்ஞானிகள், ஏணிப் படிகள்போல வரிசையாக 7,600-க்கும் மேற்பட்ட சின்னச் சின்ன மண்வரப்புகளைக் கண்டார்கள். பனியின் விளிம்பு கடலலை ஏற்றத்தில் மேலே தூக்கும், இறக்கத்தில் கீழே அமுங்கும். அமுங்கும்போது கடலடி மண்ணைப் பிதுக்கி ஒரு வரப்பை உண்டாக்கும். ஏற்ற இறக்கம் ஒரு நாளைக்கு இரண்டு முறை. எனவே ஒரு நாளைக்கு இரண்டு வரப்புகள்! வரப்புகளின் இடைவெளி 25 மீட்டர் முதல் 300 மீட்டர் வரை இருந்தது. அப்படியானால் பனி ஒரு நாளில் எவ்வளவு தூரம் பின்வாங்கியது? இரண்டால் பெருக்குங்கள். 50 முதல் 600 மீட்டர் வரை! சுவீடனில் ஓர் ஆண்டில் நடந்தது, கடலடி தட்டையாக இருந்த இந்த இடத்தில் ஒரே நாளில் நடந்திருக்கிறது.

இப்படிப்பட்ட வேகம் கொஞ்ச காலத்துக்கு மட்டும்தான் நீடிக்கும். ஆனாலும் அண்டார்டிகாவில் இதே போன்ற தட்டையான கடலடி எங்கெங்கே இருக்கிறது என்று விஞ்ஞானிகள் இப்போது கவனமாகப் பார்க்கிறார்கள். கடல் உயர்ந்தால் உலகத்தின் எல்லாக் கடற்கரைகளுக்கும்தான் உயரும். நம் மெரினாவும் அதில் அடக்கம்!

செய்து பாருங்கள்!

உயரமான கண்ணாடி பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பொடி மணலையும், காய்ந்த களிமண் பொடியையும் சம அளவு கலந்துகொள்ளுங்கள். மாலையில் ஒரு ஸ்பூன் கலவையைப் பாட்டிலில் மெதுவாகக் கொட்டி, அசைக்காமல் ஓரமாக வையுங்கள். மணல் உடனே இறங்கும். களிமண் இறங்க ஓர் இரவாவது ஆகும். தண்ணீர் தெளிந்த பிறகு அடுத்த ஸ்பூன். ஒரு வாரம் இப்படிச் செய்தால் உங்கள் பாட்டிலிலும் கோடுகள் தயார்!

இப்போது ஒரு விளையாட்டு. உங்கள் தம்பியையோ, தோழியையோ இன்னொரு பாட்டில் தயாரிக்கச் சொல்லுங்கள். எத்தனை ஸ்பூன் போட்டார்கள் என்று உங்களிடம் சொல்லக் கூடாது. ஒருநாள் மட்டும் தண்ணீர் தெளிவதற்குள்ளேயே இரண்டாவது ஸ்பூனையும் போட்டுவிடச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் எண்ணுங்கள். கணக்குச் சரியாக வருகிறதா? ஒரே கோடையில் இரண்டு வெள்ளம் வந்தால் டி கீர் எப்படித் திண்டாடியிருப்பார் என்று அப்போது புரியும். அவர் ஏன் ஒரே பள்ளத்தை நம்பாமல் ஊர் ஊராகப் பள்ளம் தேடி அலைந்தார் என்பதும் புரியும்!

அடுத்த முறை வெட்டிய குளத்தின் கரையிலோ, சாலை போட வெட்டிய மேட்டின் ஓரத்திலோ கோடுகள் தெரிந்தால், ‘சும்மா மண்தானே’ என்று தாண்டிப் போகாதீர்கள். அவையெல்லாம் ஆண்டுக்கோடுகளாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு வெள்ளம், ஒரு புயல் மழை, யாரோ கொட்டிய மண் என்று எதுவாகவும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கோடும் ஏதோ ஒரு நாள் நடந்ததைச் சொல்லத்தான் காத்திருக்கிறது. எண்ணிப் பார்க்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்!